இயற்கையின் தேர்வும் மனிதனின் தேர்வும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கன்னட நாட்டை அடுத்து அமைந்திருப்பது ஓசூர். அந்நகரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மத்திகிரி. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இம்மேட்டு நிலம் செம்மண்ணும் குளிர்ந்த காற்றும் உடையது. இன்று ஓசூரைச் சூழ்ந்து வண்டிகளையும் இயந்திரங்களையும் ஆக்கும் தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. தெற்கே சென்றால் கேழ்வரகு வயல்களும், அவற்றுக்கு அப்பால் காவிரிக் கரை வரையில் பரந்த காடுகளும் காட்சி தரும். தொழிற்சாலையும் வயலும் காடும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் இந்நிலப்பகுதி, உயிரியலின் பேருண்மை ஒன்றைக் கற்பதற்கு ஏற்ற இடமாகும். ‘இயற்கைத் தேர்வு’ என்பதே அவ்வுண்மை.

மத்திகிரியில் பழமையான கால்நடைப் பண்ணை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் படைக்கு வேண்டிய குதிரைகளை வளர்ப்பதற்காகத் தோன்றிய அது, 1924ஆம் ஆண்டு முதல் கால்நடைத் துறையின் பொறுப்பில் மாடுகளைப் பேணும் பண்ணையாயிற்று. சிந்து நாட்டைத் தாயகமாகக் கொண்ட செந்நிறப் பசுவினம் இங்கு நெடுங்காலம் வளர்க்கப்பட்டது. கோழி வளர்ப்பைக் கற்பிக்கும் கல்லூரி ஒன்றும் இவ்வூரிலேயே உள்ளது.

இத்தகைய பண்ணையில் நிகழ்வது யாது? ஒரே மந்தையில் பிறந்த பசுக்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஒன்று மிகுதியாகப் பால் தரும். மற்றொன்று குறைவாகத் தரும். ஒன்று நோயைத் தாங்கும். மற்றொன்று விரைவில் தளரும். பண்ணையாளர் தமக்கு வேண்டிய பண்புகளை உடைய பசுவையும் காளையையும் தேர்ந்தெடுத்து இனம்பெருக்குகின்றனர். பெற்றோரின் பண்புகளிற் பல கன்றுகளுக்கும் வந்து சேர்கின்றன. அக்கன்றுகளுள்ளும் சிறந்தனவற்றையே மீண்டும் தேர்ந்தெடுக்கின்றனர். தலைமுறைதோறும் இவ்வாறு செய்யச் செய்ய, மந்தையின் இயல்பே மாறிவிடுகிறது. இதனைச் ‘செயற்கைத் தேர்வு’ என்பர்.

இதற்கு மூன்று கூறுகள் இன்றியமையாதன. முதலாவது, ஓர் இனத்தில் உள்ள உயிர்களிடையே வேறுபாடு இருத்தல் வேண்டும். இரண்டாவது, அவ்வேறுபாடு மரபுவழியாகச் சந்ததிக்குச் செல்லுதல் வேண்டும். மூன்றாவது, சில பண்புகளை உடையவை மட்டும் மிகுதியாகப் பெருகுமாறு ஒரு தேர்வு நிகழ்தல் வேண்டும். இம்மூன்றனுள் முதலாவது இல்லையேல் மற்றை இரண்டும் பயனற்றுப் போகும். மந்தையில் உள்ள மாடுகள் யாவும் ஒன்றுபோல் இருப்பின், தேர்ந்தெடுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? இதனை மாணவர்கள் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ளல் வேண்டும்.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் (1809–1882) தம் ஆராய்ச்சியை விளக்கப் புகுந்தபோது, வீட்டு விலங்குகளையும் புறாக்களையும் பற்றியே முதலிற் பேசினார். 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்து, எண்ணற்ற உயிர்களைக் கண்டவர் அவர். எனினும், 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலின் முதல் இயலில், மாடும் நாயும் புறாவும் வளர்ப்போர் செய்யும் தேர்வையே எடுத்துக்காட்டினார். மனிதன் சில தலைமுறைகளில் இத்துணை மாற்றத்தை விளைவிக்கக் கூடுமாயின், இயற்கை பல்லாயிரம் தலைமுறைகளில் எத்துணை மாற்றத்தை விளைவிக்கும் என்பதே அவர் எழுப்பிய வினா. அதே காலத்தில் மலேயாத் தீவுகளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆல்பிரட் ரசல் வாலசும் தாமே இம்முடிவுக்கு வந்திருந்தார். ஆதலின் 1858ஆம் ஆண்டில் இருவர் கருத்துகளும் இலண்டன் லின்னேயக் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன.

காட்டில் பண்ணையாளர் எவரும் இல்லை. அங்கே தேர்ந்தெடுப்பது யார்? உயிர்கள் யாவும் பிழைத்திருக்கக் கூடிய அளவினும் மிகுதியாகவே பெருகும் இயல்பின. யானை மிக மெதுவாகப் பெருகும் விலங்கு. ஆயினும், ஓர் இணை யானைகளின் வழித்தோன்றல்கள் யாவும் இறவாது பெருகுமாயின், 740 அல்லது 750 ஆண்டுகளில் அவற்றின் தொகை ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் ஆகும் என்று டார்வின் தம் நூலின் பிற்பதிப்பில் கணக்கிட்டுக் காட்டினார். உலகம் யானைகளால் நிறையாமைக்குக் காரணம் யாது? வறட்சியும் நோயும் பகையும் உணவுக் குறைவும் பலவற்றை அழித்துவிடுகின்றன. எஞ்சுபவை சிலவே. எவை எஞ்சுகின்றன என்பது முற்றிலும் தற்செயலாக நிகழ்வதன்று. அவ்விடத்துச் சூழலுக்குச் சற்றே கூடுதலாகப் பொருந்திய உயிர், பிழைத்துச் சந்ததி ஈனும் வாய்ப்பைச் சற்றே கூடுதலாகப் பெறுகிறது. முறத்தில் இட்டுப் புடைக்கும்போது மணி தங்கிப் பதர் பறப்பதைப் போல, சூழல் என்னும் முறத்தில் உயிர்கள் தலைமுறைதோறும் புடைக்கப்படுகின்றன. இதுவே இயற்கைத் தேர்வு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். தனி உயிர் ஒன்று தன் தேவைக்கேற்ப உடலை மாற்றிக்கொள்கிறது என்பது இதன் பொருளன்று. ஒவ்வோர் உயிரும் பிறவியிற் பெற்ற மரபுடனேயே வாழ்ந்து மடிகிறது. மாறுவது கூட்டத்தின் இயல்பே. ஒரு பண்புடையவை குறைந்து, வேறொரு பண்புடையவை பெருகுவதால் அம்மாற்றம் நிகழ்கிறது.

இம்மாவட்டத்துக் காடுகளை ஒட்டி வாழ்ந்த ஆலம்பாடி மாடுகள் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஒகேனக்கலுக்கு அணித்தாகக் காவிரிக் கரையில் உள்ள ஆலம்பாடி என்னும் ஊரின் பெயரால் இவ்வினம் வழங்குகிறது. சாம்பல் நிறமும், பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்புகளும், உரம் பெற்ற கால்களும் உடைய இம்மாடுகள் உழவுக்கும் வண்டிக்கும் பெயர் பெற்றவை. இவற்றைத் தேர்ந்தெடுத்தவர் உழவர் மட்டும் அல்லர். கோடையில் காய்ந்த புல்லும், முள் நிறைந்த புதர்களும், கல் மேடுகளும், உண்ணிகளும் சேர்ந்தே இவற்றைத் தேர்ந்தெடுத்தன. குறைந்த தீவனத்தைக் கொண்டு வாழ இயலாதவை மடிந்தன; இயன்றவை பெருகின. பாலின் அளவு குறைவே ஆயினும், வறட்சியைத் தாங்கும் வன்மை இவ்வினத்துக்கு இவ்வாறு வாய்த்தது.

மனிதன் அறிந்து செய்யும் தேர்வையும், இயற்கை தானே செய்யும் தேர்வையும் கண்டோம். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது ஒன்றும் உண்டு. அது மனிதன் தான் செய்வது இன்னதென அறியாமலே செய்யும் தேர்வு. இதன் விளைவு சிற்சில இடங்களில் நன்மையாகவும், பல இடங்களில் பெருந்தீமையாகவும் முடிந்துள்ளது.

ஓசூர்ப் பகுதி மக்களின் உணவாகிய கேழ்வரகு, நன்மையாக முடிந்ததற்குச் சான்று. ராகி என வழங்கும் இத்தானியத்தின் தாயகம் ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு விளைந்த காட்டுக் கேழ்வரகின் மணிகள் முற்றியதும் கதிரிலிருந்து உதிர்ந்துவிடும். காட்டில் பரவுவதற்கு அவ்வியல்பு உதவும். ஆனால், மக்கள் கதிர்களைக் கொய்தபோது, உதிராமல் கதிரிலேயே தங்கிய மணிகளே அவர்கள் கைக்கு மிகுதியாக வந்தன. அவற்றையே மறு பருவத்தில் விதைத்தனர். எவரும் திட்டமிடாமலே, உதிராத கேழ்வரகு உருவாயிற்று. பின்னர் ஊர்தோறும், மண்தோறும், மழைதோறும் தக்க வகைகள் பலவும் தோன்றின.

மற்றொரு சான்றைத் தொழிற்சாலைகள் மிகுந்த இங்கிலாந்து தருகிறது. அந்நாட்டில் வெண்ணிறச் சிறகில் கரும்புள்ளிகளை உடைய ஒருவகை அந்துப்பூச்சி உண்டு. வெளிர்நிற மரப்பட்டையில் அமரும்போது அது பறவைகளின் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. 1848ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் முற்றிலும் கருநிறமான பூச்சி ஒன்று காணப்பட்டது. ஆலைப் புகை மரங்களிற் படிந்து அவற்றைக் கறுக்கச் செய்த பின்னர், வெளிர்நிறப் பூச்சிகளே பறவைகளுக்கு இரையாயின. கருநிறப் பூச்சிகள் தப்பின. 1895ஆம் ஆண்டளவில் அந்நகரத்துப் பூச்சிகளுள் நூற்றுக்கு 98 கருநிறமாய் இருந்தன. 1956ஆம் ஆண்டில் அந்நாட்டில் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. புகை குறைந்தது, மரங்கள் மீண்டும் வெளிறின, வெளிர்நிறப் பூச்சிகள் மீண்டும் பெருகின. ஆலை முதலாளிகள் துணி நெய்யவே விரும்பினர்; பூச்சியின் நிறத்தை மாற்ற விரும்பினார் எவருமிலர். ஆயினும் மாற்றம் நிகழ்ந்தது. பூச்சியினம் அழியாமைக்குக் காரணம், அவ்வினத்தில் இருவகை நிறமும் இருந்தமையே.

இனி, நம் காடுகளில் வாழும் யானையைக் காண்போம். ஆசிய யானைகளுள் ஆணுக்கே நீண்ட தந்தம் உண்டு. தந்தமின்றிப் பிறக்கும் ஆண் யானையை ‘மக்னா’ என்பர். தென்னிந்தியக் காடுகளில் பெரும்பாலான ஆண் யானைகள் தந்தமுடையவை, மக்னாக்கள் சிலவே. இலங்கையிலோ, ஆண் யானைகளுள் தந்தமுடையவை நூற்றுக்குப் பத்தினும் குறைவு. பல நூற்றாண்டுகளாகத் தந்த யானைகளைக் கொன்றும், பிடித்துப் பிற நாடுகளுக்கு ஏற்றியும் வந்தமை இதற்குரிய காரணங்களுள் ஒன்றென அறிஞர் கருதுகின்றனர்.

வேட்டைக்காரன் தேடுவது எது? நீண்ட தந்தம். ஆதலின் எது வலிமைக்கும் அழகுக்கும் அடையாளமாய் இருந்ததோ, அதுவே அவ்விலங்குக்குக் கூற்றாய் முடிந்தது. பண்ணையாளர் சிறந்ததைக் காத்து மற்றதை நீக்குவார்; தந்த வேட்டைக்காரனோ சிறந்ததை நீக்கி மற்றதை விட்டுவைக்கிறான். தேர்வு நிகழ்கிறது, அதன் திசை தலைகீழாகிறது. 1970 முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் காலம் தமிழக, கருநாடக, கேரளக் காடுகளில் தந்தத்துக்காக ஆண் யானைகள் பெருமளவிற் கொல்லப்பட்டன. கேரளத்துப் பெரியாறு காட்டில், 1980களின் இறுதியில், வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்குப் பெண் யானைகள் நூறு என்னும் அளவுக்கு ஏற்றத்தாழ்வு உண்டாயிற்று.

இதனினும் தெளிவான சான்று ஆப்பிரிக்காவிலுள்ள மொசாம்பிக் நாட்டிலிருந்து கிடைத்துள்ளது. ஆப்பிரிக்க யானைகளுள் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. 1977 முதல் 1992 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. படைகளின் செலவுக்காகக் கொரொங்கோசா காட்டின் யானைகள் தந்தத்தின் பொருட்டுக் கொல்லப்பட்டன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. போருக்கு முன் பெண் யானைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 தந்தமற்றவை. போரின் பின் எஞ்சியவற்றுள் பாதி தந்தமற்றவை. போருக்குப் பிறகு பிறந்த பெண் கன்றுகளுள்ளும் மூன்றில் ஒன்று தந்தமின்றியே பிறந்தது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி மற்றோர் உண்மையையும் காட்டியது. அக்காட்டு யானைகளிடம் தந்தமின்மைக்குக் காரணமான மரபணு, ஆண் கருவைப் பிறக்குமுன்னரே அழித்துவிடும் தன்மையது. ஆதலின் தந்தமற்ற தாய்க்குப் பிறக்கும் கன்றுகளுள் ஆண் குறைவு. துப்பாக்கியின் கொடுமை, அதைக் கண்டிராத தலைமுறையையும் சென்று தாக்குகிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தந்தம் வெறும் அணி அன்று. அதனால் யானை மரப்பட்டையை உரிக்கும். வறண்ட ஓடையில் மண்ணைத் தோண்டி நீர் காணும். அந்நீரை மற்ற விலங்குகளும் பருகும். யானை உண்ட விளாம்பழத்தின் விதைகள் தொலைவிடங்களிற் சென்று முளைக்கும். ஆகவே ஓர் உயிரின் பண்பு மாறுமாயின், அதனைச் சார்ந்த பிற உயிர்களின் வாழ்வும் மாறும். பல்லுயிர் வளம் என்பது உயிர்வகைகளின் தொகை மட்டும் அன்று. அவற்றிடையே உள்ள உறவுமாகும்.

மத்திகிரியைச் சூழ்ந்த ஊர்களில் யானையைப் பற்றிய கவலை வேறு வகையினது. ஆண்டுதோறும் கேழ்வரகு விளையும் பருவத்தில், கருநாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் சவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு ஆகிய இடங்களை நோக்கி வருகின்றன. ஆறு மாத உழைப்பு ஓர் இரவில் அழிவதைக் காணும் உழவரின் துயரம் பெரிது. மக்களும் உயிரிழந்துள்ளனர், யானைகளும் மின்வேலியாலும் ஊர்திகளாலும் மடிந்துள்ளன. காட்டின் நிலைமையும் இதற்கு ஒரு காரணம். அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்த உன்னிச்செடி, தன்னை அடக்கும் பகையில்லாமையால் நம் காடுகளிற் புதராய்ப் பரவிப் புல்லை ஒடுக்கிவிட்டது.

ஓசூர்க் காடுகளையும் உள்ளிட்ட பகுதியில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் 248 ஆண் யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு ஆராய்ந்தனர். அதன் முடிவு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பொதுவாகத் தாய்க் கூட்டத்தைப் பிரிந்த ஆண் யானை தனித்தே திரியும். ஆனால் காடு சிதைந்து வயல் பெருகிய இடங்களில், இளம் ஆண் யானைகள் பல ஒன்றுகூடி நெடுங்காலம் பிரியாத கூட்டமாக வாழத் தலைப்பட்டுள்ளன என்று கண்டனர். இது கற்ற பழக்கமே. மரபுவழி மாற்றம் எனக் கொள்ளற்க. ஆயினும், எந்த யானை பிழைக்கும், எது மடியும் என்பதை முன்னர்ப் புலியும் வறட்சியும் தீர்மானித்தன. இப்பொழுது நம் வேலியும் சாலையும் தீர்மானிக்கின்றன. அறிந்தோ அறியாமலோ, அவ்விலங்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நாம் அமர்ந்துவிட்டோம்.

சூழல் மாறினால் உயிர்கள் தாமே பொருந்திக்கொள்ளும் அன்றோ எனச் சிலர் வினவலாம். அந்துப்பூச்சிக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. ஆதலின் ஐம்பது ஆண்டுகளில் ஐம்பது முறை அது புடைக்கப்பட்டது. யானைக்கு ஒரு தலைமுறைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். காடு ஒரே ஆண்டில் வெட்டப்பட்டால், அது பொருந்திக்கொள்ளக் காலம் எங்கே? மேலும், எண்ணிக்கை குறையக் குறைய வேறுபாடும் குறைகிறது. வேறுபாடு குறைந்த இனத்தில் இயற்கை தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றும் இராது. அவ்வினம் மாறுவதில்லை; மறைகிறது.

வீட்டு விலங்குகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். மிகுந்த பால் தரும் அயல்நாட்டு இனங்களோடு நம் மாடுகளைக் கலந்தமையால் நாட்டில் பால் பெருகிற்று. பல குடும்பங்கள் பிழைத்தன. அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். வட அமெரிக்காவில் செயற்கை முறைக் கருவூட்டலுக்குப் பயன்படும் ஆல்ஸ்டைன் காளைகளின் தந்தைவழியை 2015ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய அனைத்தும் 1960களில் பிறந்த இரண்டே காளைகளின் வழி வந்தவை என்பது புலனாயிற்று. எத்தனையோ லட்சம் பசுக்கள். ஆனால் வேறுபாடு மிகச் சிறிது. இங்கோ, உழவு இயந்திரம் வந்தமையாலும் மேய்ச்சல் நிலம் சுருங்கியமையாலும் ஆலம்பாடி மாடுகள் அருகிவிட்டன. அவை மறையுமாயின், வறட்சியும் முள்ளும் நூற்றாண்டுக் கணக்கில் தேர்ந்தெடுத்த வன்மையும் உடன் மறையும். பின்னர் எப்பண்ணையாலும் அதனை மீட்டல் அரிது.

மறைய இருந்த ஒன்றைக் காத்தமையால் விளைந்த பயனுக்கு நெல்லின் வரலாறே சான்று. 1970களில் ஆசிய நாடுகளின் நெற்பயிரைக் குட்டைப் புல் நோய் என்னும் நச்சுயிரி நோய் தாக்கிற்று. பிலிப்பைன்சு நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000க்கு மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தனர். உத்தரப் பிரதேசத்தில் திரட்டப்பட்ட காட்டு நெல் வகை ஒன்றிலேயே அந்நோயைத் தாங்கும் ஆற்றல் காணப்பட்டது. அதன் மரபைச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர். 36 என்னும் நெல், 1976 முதல் பல நாடுகளில் பயிராயிற்று. உண்பதற்குப் பயன்படாத புல்லென அதனை எவரேனும் முற்றும் களைந்திருந்தால், கோடிக்கணக்கான மக்களின் உணவு என்னவாகியிருக்கும்?

இவ்வுண்மையை உணர்ந்து சில நற்பணிகள் தொடங்கப்பட்டுள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் யானைக்கு அரணாயிற்று. 1989ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடித் தந்த வணிகத்துக்குத் தடை விதித்தன. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022ஆம் ஆண்டில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அமைந்தன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆலம்பாடி இனத்துக்கெனத் தருமபுரி மாவட்டத்தில் ஆராய்ச்சி மையம் ஒன்றை ஏற்படுத்தியுள்ளது.

ஆயினும் இப்பணி அரசினரால் மட்டும் முடிவதன்று. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லையில் உள்ள உயிர்வகைகளைக் குறித்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எழுதுதல் வேண்டும். அப்பதிவேட்டுக்கு வேண்டிய செய்திகள் நம் ஊர் முதியோரிடத்து உள்ளன. அவர்கள் இளமையில் விதைத்த கேழ்வரகு வகைகள் எத்தனை, அவற்றுள் மழை தவறிய ஆண்டிலும் விளைந்தது எது, எந்த ஏரியில் எந்த மீன் இருந்தது என்பனவற்றை மாணவர்கள் கேட்டு எழுதி வைக்கலாம். எழுதப்படாத பெயர் முதலில் நினைவிலிருந்து மறையும். பின்னர் அப்பெயருக்குரிய விதையும் மறையும்.

இன்று எவ்வுயிர் எதிர்காலத்தில் பயன்படும் என்பதை நாம் அறியோம். நாளை வரும் வறட்சியும் நோயும் இன்னவென்பதையும் அறியோம். இவ்வாறு அறியாத நிலையில், தேர்ந்தெடுக்கும் ஆற்றல் மட்டும் நம் கைக்கு வந்திருக்கிறது. ஆதலின், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும்போது, வேண்டாதது போலத் தோன்றுவதையும் அழியாமற் காத்து வைத்தலே அறிவுடைமை. வேறுபாடு உள்ள வரையில் உயிர்க்குலம் எதற்கும் ஈடு கொடுக்கும். அவ்வேறுபாட்டைக் குறைவின்றி அடுத்த தலைமுறைக்கு அளித்தல் நம் அனைவரின் கடமையாகும்.